முடிச்சு

வைத்திக்குப்பம், இரண்டாம் மாடி,
இரவு ஒன்றே கால்.
திரையில் ஒருவன் கரைவலை இழுக்கிறான்.
வலை இன்னும் வரவில்லை. கடலும் வரவில்லை.
பின்னால் சாய்ந்து, முழங்கால் மடக்கி,
வெறும் சாம்பல் வெளியைப் பிடித்து இழுக்கிறான்.

ரெயூனியனிலிருந்து சாந்தவேல் எழுதியிருந்தார்.
முப்பாட்டன் இங்கிருந்து கப்பலேறியவராம்.
நீளமான பிரெஞ்சுக் கடிதம்,
அதில் லுங்கி ஒன்றுதான் எனக்கு உடனே புரிந்தது.
காசு கொடுத்து வாங்கிய ஆள்,
காசு கொடுத்து வாங்கிய லுங்கி.
ஆள் அசைந்தால் லுங்கி கால்சட்டை ஆகிவிடுகிறது.

உண்மைதான்.
எலும்புக்குக் கட்டுப்பட்ட துணி இது.
இடது தொடை போனால் இடது பாதி கூடப் போகும்,
வலது தொடை போனால் வலது.
நடுவில் இருப்பது யாரோடு போவது?
பாகம் பிரித்த வீட்டின் முற்றம் மாதிரி
இரண்டு பக்கமும் இழுபட்டு நின்றது.

எலும்புகளை ஒவ்வொன்றாக உருவினேன்.
இடுப்பு, தொடை, முழங்கால்.
லுங்கிக்குள் ஒரு பாதம்கூட இருந்தது,
யார் வைத்தார்களோ.
உருவி முடித்தால் மிஞ்சியதும் ஒரு வலைதான்,
பன்னிரண்டாயிரம் கண்ணி.
ஓரத்தில் ஒட்டாமல் கிடந்த புள்ளிகளை ஒட்டினேன்.
முதல் ஃபிரேமில் அவனைக் கை விரித்து நிறுத்தினேன்,
போலீஸ் வேலைக்கு மார்பளவு கொடுப்பவன் போல.
முப்பதாவது ஃபிரேமில் வலை இழுக்க வேண்டும்.
கணக்கிடு என்றேன்.

லுங்கி விழுந்தது.
அவசரமே இல்லாமல்
இடுப்பு, முட்டி, கணுக்கால்.
தரை என்று ஒன்றை நான் வைத்திருக்கவில்லை,
அதற்கும் கீழே போய்க்கொண்டே இருந்தது.
மறைக்க அவனிடம் எதையும் செய்து வைக்கவில்லை
கம்பெனிக்காரன்.
என்றாலும்
எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

முடிச்சை மறந்திருக்கிறேன்.
இடுப்பைச் சுற்றி இரண்டு வரிசைப் புள்ளி,
இவை மட்டும் உடம்போடு போகட்டும்,
மற்றதெல்லாம் தன் எடைப்படி.

இரண்டாம் முறை தொடை துணியைத் துளைத்துக்கொண்டு வந்தது.
மூன்றாம் முறை விளிம்பு சோளப்பொரியாய் வெடித்தது.
நாலாம் முறை கரண்ட் போய்
யு.பி.எஸ். தெருவையே எழுப்பியது.
உராய்வைக் கூட்டி, எடையைக் குறைத்து,
தோலுக்கும் துணிக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் விட்டு,
டீ போட்டு, குடிக்க மறந்து,
ஏழாம் முறை, விடியும்போது
நடந்தது.

அவன் சாய்ந்தான்.
துணி ஒரு கணம் யோசித்தது.
பிறகு இரண்டு முழங்காலுக்கு நடுவே
தூளியாகத் தொங்கியது.
ஒரு மடிப்பு, அதற்குள் இன்னொன்று,
எதையும் நான் வரையவில்லை, சொல்லித்தரவும் இல்லை.
கிழக்கிலிருந்து கொஞ்சம் காற்று சேர்த்தேன்.
விளிம்பு லேசாகத் தூக்கி, மனசு மாறி, இறங்கியது.
பத்துத் தரம் ஓடவிட்டுப் பார்த்தேன்.
ஜன்னலைத் திறந்தேன்.

ஏழே முக்காலுக்குப் பூவராகன் தண்ணீர் கேனோடு வந்தான்.
கேன் தோளில், கண் திரையில்.
"யாரு இவரு?"
"வலை இழுக்கிறாரு."
"இவ்ளோ நீளம் தொங்கவுட்டுக்கினா?
தண்ணில எறங்கினா கால சுத்திக்கும்.
மடிச்சிக் கட்டச் சொல்லுக்கா."

கேனை இறக்கக்கூட இல்லை.
குதிகாலால் விளிம்பை ஒரு எத்து,
வந்ததை ஒற்றைக் கையில் பிடித்து
ஒரு சுருட்டு, ஒரு செருகு.
ஒரு நொடி. என் கணக்கில் முப்பது ஃபிரேம்.

எண்களைப் பார்த்தேன்.
எடை, உராய்வு, காற்று.
எதைக் கூட்டினாலும் இது வராது.
தன் எடைக்கு விட்ட துணி கீழேதான் போகும்.
மேலே வர ஒரு கை வேண்டும்,
அவன் கை இரண்டும் கயிற்றில் இருக்கிறது.

முதல் ஃபிரேமுக்குத் திரும்பினேன்.
இன்னும் கயிற்றைத் தொடாதவன்,
கை விரித்து நிற்கிறான்.

"பூவராகா, இன்னொரு தரம் செய். மெதுவா."

"கேன வெச்சிட்டா, வெக்காமலா?"